செகேலாவின் ஒரு சொல்லும் அசிம்வேயின் பெட்டிகளும்

பொறாமையா, செகேலாவுக்கா? ஆறு மாதத்துக்கு முன்பு யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் அலுவலகமே விழுந்து விழுந்து சிரித்திருக்கும். பொறாமைப்பட அவளுக்கு ஓர் ஆள் வேண்டாமா? தார் எஸ் சலாமில், ம்வெங்கே சந்தைக்குப் பின்னால், இரண்டாம் மாடியில் பேருந்து டிக்கெட் மென்பொருள் செய்யும் அந்தச் சின்ன நிறுவனத்தில் அவளுக்கு மேலே முதலாளி ஷவேஜி ஒருவர்தான். அவரும் வெள்ளிக்கிழமை மாலையானால் அவள் மேசைக்கு முன்னால் வந்து நிற்பார்.

துக்குயு மலைப்பக்கம் பிறந்தவள் செகேலா. பத்தொன்பது வயதில் தாய்மாமனை நம்பி நகரத்துக்கு வந்து, உபுங்கோ பேருந்து நிலையத்தில் ஒரு தகரக் கூண்டுக்குள் உட்கார்ந்து எட்டு வருஷம் டிக்கெட் எழுதினாள். ஒரே இருக்கையை இரண்டு பேருக்கு விற்றவனோடு சண்டை. மடிக்குழந்தை என்று சொல்லிப் பத்து வயதுப் பிள்ளையை ஏற்றியவளோடு சண்டை. நேற்றைய சீட்டில் தேதியைத் திருத்திக் கொண்டுவந்து நீட்டுகிறவனோடு பெரிய சண்டை. எந்தச் சீட்டைக் கையில் வாங்கினாலும் முதலில் அதன் தலையில் இருக்கும் நேரத்தைத்தான் பார்ப்பாள். அந்தப் பழக்கம் அவளை விட்டுப் போகவே இல்லை.

கூண்டுகள் போய்த் திரைகள் வந்த காலத்தில் ஷவேஜி அவளைத் தேடி வந்தார். அப்போது அவரிடம் மூன்றே பேர் வேலை பார்த்தார்கள். "எங்க பசங்களுக்குப் புரோகிராம் எழுதத் தெரியும். டிக்கெட்டு தெரியாது. அவங்க செஞ்சத நீ ஒடச்சுக் காட்டும்மா, அது போதும்" என்றார். உடைத்தாள். முதல் வாரத்திலேயே பதினேழு இடத்தில் உடைத்தாள். எழுதிய பையன்கள் மதியச் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.

முதலில் கையால் சொடுக்கிச் சொடுக்கிச் சோதித்தாள். பிறகு, யாரும் சொல்லிக் கொடுக்காமல், ராப்பகலாக முட்டி மோதி, தானாகவே பிரவுசரைத் திறந்து, ஊரைத் தேர்ந்து, இருக்கையைச் சொடுக்கி, பெயரை நிரப்பி, "உங்கள் டிக்கெட் அனுப்பப்பட்டது" என்ற பச்சை வரி வருகிறதா என்று பார்க்கும் சோதனைகளை எழுதக் கற்றுக்கொண்டாள். ஒன்றல்ல, இரண்டல்ல, நானூற்றுப் பன்னிரண்டு. தகரக் கூண்டில் அவள் போட்ட சண்டை ஒவ்வொன்றும் அதில் ஒரு சோதனையாக இருந்தது.

வெள்ளிக்கிழமை மாலை பத்து மணிக்குப் புதுப் பதிப்பு வெளியே போகும். பத்து மணி என்றால் எங்கள் பத்து. விடிந்ததிலிருந்து எண்ணுகிறவர்கள் நாங்கள். திரையில் காலை ஏழு என்று இருந்தால் எங்கள் வாய் ஒன்று என்று சொல்லும், எட்டு என்று இருந்தால் இரண்டு என்று சொல்லும், மாலை நான்கு என்று இருந்தால் பத்து. திரை நேரத்திலிருந்து ஆறைக் கழித்தால் சரியாகிவிடும். இந்த ஊரில் பிறந்த எந்தக் குழந்தையும் இதில் தடுமாறியதில்லை. வெள்ளிக்கிழமை எதையும் வெளியிடாதே என்று உலகம் முழுக்கக் கணினிக்காரர்கள் சொல்வார்கள். சொல்லட்டும். சனிக்கிழமைதான் எங்கள் பேருந்துக் கூட்டம், அதற்கு முன்னால் போயாக வேண்டும்.

அந்தப் பத்து மணிக்கு ஷவேஜி செகேலாவின் மேசை முன்னால் நின்று, "செகேலா, தேறிடுச்சா?" என்று கேட்பார். அவள் உடனே சொல்லமாட்டாள். தேநீரை ஒரு வாய் குடிப்பாள். திரையை ஒருமுறை மேலிருந்து கீழே பார்ப்பாள். மொத்த அலுவலகமும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும். "தேறிடுச்சு" என்பாள். அப்புறம்தான் பொத்தானை அழுத்துவார்கள். ஏழு வருஷமாக இப்படித்தான். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவள் வாரம் முழுக்க உயிர் வாழ்ந்தாள் என்று சொன்னாலும் தப்பில்லை. கட்டியவன் பிரிந்து போய், மகள் தும்பே விடுதிப் பள்ளிக்குப் போய்விட்ட பிறகு, அவள் சொல்லுக்காக யாரும் காத்து நிற்கிற இடம் அது ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

அப்புறம் அசிம்வே வந்தாள்.

புகோபாக்காரி, இருபத்தேழு வயது, இரண்டு வருஷம் பக்கத்து நாட்டுக் கிகாலியில் வேலை பார்த்துவிட்டு வந்தவள். செகேலாவுக்குப் பக்கத்து மேசை. வந்த முதல் நாளே ஒரு டப்பா நிறைய செனேனே கொண்டுவந்தாள். புகோபாக்காரர்கள் உயிரை விடுகிற வெட்டுக்கிளி வறுவல். அலுவலகம் முழுக்க அவள் மேசையைச் சுற்றி மொய்த்தது.

"எடுத்துக்குங்க அக்கா, எங்கம்மா வறுத்தது" என்று டப்பாவை நீட்டினாள் அசிம்வே.

"எங்க ஊர்ல இது பறந்து போகும்மா. நாங்க போகட்டும்னு விட்டுடுவோம்" என்றாள் செகேலா.

எல்லோரும் சிரித்தார்கள். அசிம்வே எல்லோரையும்விட உரக்கச் சிரித்தாள். அது செகேலாவுக்குப் பிடிக்கவில்லை. தைத்த முள்ளை ஒருத்தி சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டால் தைத்தவளுக்கு என்ன மரியாதை?

மூன்றாவது வாரம் அசிம்வே எல்லோரையும் கூப்பிட்டு ஒன்று காட்டினாள். அவள் அதைக் கன்டெய்னர் என்றாள்.

"கன்டெய்னர் வேணும்னா துறைமுகத்துக்குப் போம்மா, வரிசையா அடுக்கி வச்சிருக்கான்" என்றாள் செகேலா.

"அது இரும்பு அக்கா, இது காத்து" என்று அசிம்வே விளக்கினாள். ஒரு கணினிக்குள்ளேயே குட்டிக் குட்டிக் கணினிகளைப் பெட்டி பெட்டியாகக் கட்டி வைப்பது. ஒரு பெட்டி, மொபைல் கம்பெனி மாதிரி நடித்துப் பயணிக்குப் போகும் குறுஞ்செய்தியைப் பிடித்து வைக்கும். இன்னொன்று தபால் நிலையம் மாதிரி மின்னஞ்சலைப் பிடிக்கும். மூன்றாவது, நிலையத்துக் கவுன்ட்டரில் சீட்டு அச்சடிக்கும் பிரின்டர் மாதிரி நடிக்கும். நிஜப் பயணி யாருக்கும் எதுவும் போகாது. சோதனை முடிந்தால் பெட்டிகள் கலைந்துவிடும். அடுத்த சோதனைக்குப் புதிதாகப் பிறக்கும். பிடிபட்ட செய்திகள் மட்டும் ஒரு பக்கத்தில் சேர்ந்து கிடக்கும், வேண்டியவர்கள் திறந்து பார்க்கலாம்.

"அக்காவோட சோதனை எல்லாம் அருமை. ஆனா அது பிரவுசர் வாசல்லயே நின்னுடுது. 'அனுப்பியாச்சு'ன்னு திரை சொன்னா நம்பிடுது. நெசமாவே போச்சான்னு இந்தப் பெட்டிகள்தான் சொல்லும்" என்றாள் அசிம்வே. சொல்லிவிட்டு ஓர் ஆளின் பெயரில் டிக்கெட் போட்டாள். ங்'வாண்டு. சுகுமா இனத்தவரின் பெயர், நடுவில் மேலே ஒரு கொக்கி இருக்கும். திரையில் பச்சை வரி வந்தது. செய்திப் பெட்டியைத் திறந்தாள். காலி. அந்தக் கொக்கியைக் கண்டதும் செய்தி அனுப்பும் நிரல் வாயடைத்துப் போய் நின்றுவிடுகிறது என்று காட்டினாள். இரண்டு வருஷமாகப் பெயரில் கொக்கி உள்ள ஒருவருக்குக்கூடச் செய்தி போகவில்லை.

செகேலா தன் திரைப்பக்கம் திரும்பினாள். நானூற்றுப் பன்னிரண்டு சோதனை. எல்லாமே பச்சை. அத்தனையும் வாசலிலேயே நின்றுகொண்டு உள்ளே கல்யாணம் நடக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கின்றன. ஷவேஜி தொடையில் தட்டி, "பாத்தீங்களா, பாத்தீங்களா!" என்று அசிம்வேயைச் சுற்றி வந்தார். "இத்தனை நாள் நாம குருடாவே இருந்திருக்கோம்!" என்றார். அந்த நாம் தன் ஒருத்தியைத்தான் குறிக்கிறது என்று செகேலாவுக்குத் தோன்றியது. வயிறு எரிந்தது. அந்த எரிச்சலை வேறு பெயர் சொல்லி ஏமாற்றிக்கொள்ளவும் அவளால் முடியவில்லை. பொறாமை, சுத்தமான பொறாமை.

அன்றிலிருந்து எல்லாமே கண்ணை உறுத்தியது. காலையில் ஷவேஜி உள்ளே நுழையும்போதே "அசிம்வே!" என்று கூப்பிடுவது. கீழே சோறு விற்கும் சுபேதாம்மா அவள் தட்டில் மட்டும் மீனின் நடுத்துண்டை வைப்பது. நிரல் எழுதும் கிசாங்கா, ஏழு வருஷமாகச் செகேலாவிடம் முணுமுணுத்துக்கொண்டே திருத்துகிறவன், அவளிடம் மட்டும் "இதோ, ரெண்டே நிமிஷம் தங்கச்சி" என்று பல்லைக் காட்டுவது. வீட்டில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து தானும் பெட்டி கட்டிப் பார்த்தாள். ஒன்று கட்டினால் இன்னொன்று அதனோடு பேசமாட்டேன் என்றது. அசிம்வேயிடம் கேட்டிருந்தால் பத்து நிமிஷத்தில் சொல்லிக் கொடுத்திருப்பாள். கேட்பதைவிட நாக்கு அறுந்து விழட்டும் என்று கணினியை மூடிவைத்தாள்.

"தும்பேம்மா, முகம் ஏன் இப்படி வாடிக் கெடக்கு?" என்று சுபேதாம்மா ஒரு நாள் கேட்டாள்.

"வெயில்."

"வெயில் எங்களுக்கெல்லாம் அடிக்கலையா?"

செகேலா பாதிச் சோற்றில் எழுந்துவிட்டாள்.

அப்புறம் ஒரு திங்கட்கிழமைக் கூட்டத்தில் ஷவேஜி அதைச் சொன்னார். இனிமேல் திரைச் சோதனையும் பெட்டிச் சோதனையும் எல்லாம் பச்சையானால் பதிப்பு போகலாம். இந்த வெள்ளிக்கிழமை அசிம்வே பொத்தானை அழுத்தட்டும். "செகேலா, உனக்கும் நிம்மதி. வெள்ளிக்கிழமை டென்ஷன் இல்ல பாரு" என்று சிரித்தார். மனுஷன் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். செகேலாவின் சொல்லை இனி யாரும் கேட்கப்போவதில்லை. "ரொம்ப நல்லது பாஸ்" என்றாள்.

அந்த வாரப் பதிப்பில் புதிதாக ஒன்று இருந்தது. அதுவரை பயணிக்குப் போகும் செய்தியில் நேரம் திரைக்கணக்கில் இருந்தது. ஊர் பேசுகிற கணக்கில் சொல்லுங்கள் என்று பேருந்து முதலாளிகள் கேட்டார்கள். திரையில் காலை ஆறு என்றால் செய்தியில் காலை பன்னிரண்டு என்று வரவேண்டும். கிசாங்கா நேரத்திலிருந்து ஆறைக் கழிக்கும்படி எழுதியிருந்தான். வியாழக்கிழமை காலை அசிம்வே பெட்டியில் ஓட்டிப் பார்த்தாள். சிவப்பு. பன்னிரண்டு வரவேண்டிய இடத்தில் ஒன்பது வந்திருந்தது.

"அண்ணே, மூணு மணி நேரம் தப்பா வருது" என்று கூப்பிட்டாள்.

கிசாங்கா வந்து எட்டிப் பார்த்துத் தலையைச் சொறிந்தான். "அட, அவ்வளவுதானே. ஆறுக்குப் பதிலா மூணைக் கழிச்சாச் சரியாப் போச்சு."

"மூணு ஏன் அண்ணே? ஆறுதானே?"

"பச்சையாவுதா இல்லையா, அதச் சொல்லு முதல்ல."

மாற்றினான். ஓட்டினாள். பச்சை. அசிம்வே கொஞ்ச நேரம் பென்சிலைக் கடித்துக்கொண்டு திரையையே பார்த்தாள். பிறகு வேறு வேலைக்குப் போய்விட்டாள்.

பக்கத்து மேசையில் செகேலா எல்லாவற்றையும் காதில் வாங்கிக்கொண்டுதான் இருந்தாள். அசிம்வே சாப்பிடப் போன பிறகு, பிடிபட்ட செய்திகளின் பக்கத்தைத் தன் கணினியில் திறந்தாள். குறை ஏதாவது கிடைக்காதா என்றுதான் திறந்தாள், அதை மறைப்பானேன். செய்தி சரியாக இருந்தது. "காலை பன்னிரண்டு மணிக்குப் பேருந்து." சப்பென்று ஆகிவிட்டது. மூடப் போனவளின் கண் பழைய பழக்கத்தில் செய்தியின் தலைக்குப் போனது. செய்தி வந்து சேர்ந்த நேரம் 07:52. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். அந்தச் சோதனை ஓடியது இந்தக் கடிகாரத்தில் காலை பத்து ஐம்பத்திரண்டுக்கு. அவளே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூடிவிட்டுத் திரும்பத் திறந்தாள். பெட்டியின் கடிகாரம் மூன்று மணி நேரம் பின்னால் இருக்கிறது. புதிதாகப் பிறக்கிற பெட்டிகளுக்கு எந்த ஊர் என்று யாரும் சொல்லவில்லை, அவை லண்டன் நேரத்தில் பிறந்திருக்கின்றன. நம் காலை ஆறு அங்கே விடிகாலை மூன்று. மூன்றில் மூன்றைக் கழித்தால் சுழி, கடிகாரத்தில் அது பன்னிரண்டு, அதனால் பெட்டிக்குள் சரி. நிஜமான சர்வரோ தார் எஸ் சலாம் நேரத்தில் ஓடுகிறது. அங்கே ஆறில் மூன்றைக் கழிப்பார்கள். காலை மூன்று மணிக்குப் பேருந்து என்று செய்தி போகும். ஊர்க்கணக்கில் காலை மூன்று என்றால் திரைக்கணக்கில் ஒன்பது. ஆறு மணிப் பேருந்துக்குப் பயணி ஒன்பது மணிக்கு வந்து நிற்பான்.

கிசாங்கா முதலில் எழுதிய ஆறுதான் சரி. மாற்றியிருக்க வேண்டியது பெட்டியின் கடிகாரத்தை.

செகேலா திரையை விட்டு நிமிர்ந்தாள். சந்தோஷம்! வெட்கங்கெட்ட சந்தோஷம். உடனே எழுந்து கத்தவேண்டும் போல இருந்தது. வாசல் தாண்டிப் போகிறவளாமே, வாசல் தாண்டி எந்த ஊருக்குப் போனாள் பாருங்கள்! எழுந்தாள். ஷவேஜியின் அறைக்குள்ளிருந்து அசிம்வேயின் சிரிப்பும் அவர் சிரிப்பும் சேர்ந்து கேட்டன. திரும்ப உட்கார்ந்துவிட்டாள்.

இப்போது சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்தாள். இரண்டு நிமிஷத்தில் திருத்துவார்கள். "நல்லவேளை அக்கா!" என்பாள் அவள். பொத்தானை அவளே அழுத்துவாள். சொல்லாவிட்டால்? என்னை யாரும் கேட்கவில்லையே. கேட்டால் சொல்வேன். வெள்ளிக்கிழமை மாலை ஷவேஜி பழையபடி என் மேசைக்கு வந்து கேட்டால் உடனே சொல்லிவிடுவேன். கேட்காதவர்களுக்கு நான் ஏன் சொல்லவேண்டும்? இப்படித் தனக்குத்தானே ஒரு நியாயம் கட்டிக்கொண்டாள். ஆனாலும் அன்று மாலையும், மறுநாள் காலையும், மதியமும் அந்தச் செய்தியைத் திறந்து திறந்து பார்த்தாள். ஒருவேளை தன் கணக்குத் தப்பாக இருக்கலாம் என்று பார்த்தாள். தப்பாக இல்லை.

வெள்ளிக்கிழமை மாலை எல்லோரும் அசிம்வேயின் மேசையைச் சுற்றி நின்றார்கள். எல்லாம் பச்சை. ஷவேஜி செகேலாவின் பக்கம் திரும்பிப் புன்னகைத்தார், வாயைத் திறந்து எதுவும் கேட்கவில்லை. அசிம்வேயும் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். செகேலா தேநீரை ஊதிக்கொண்டிருந்தாள். அசிம்வே பொத்தானை அழுத்தினாள். கைதட்டினார்கள்.

சனிக்கிழமை உதவித் தொலைபேசியில் உட்காரும் முறை செகேலாவுடையது. திரைக்கணக்கில் காலை ஒன்பது மணிக்கு அது அலறத் தொடங்கியது. நகரத்தின் புதிய ம்பேசி நிலையத்தில் பேருந்து இல்லை, பேருந்து எங்கே, ஏமாற்றுக்காரர்களா நீங்கள், டிக்கெட் காசைத் திருப்பிக் கொடு. எதிர்பார்த்ததுதான். திங்கட்கிழமை அசிம்வேயின் முகத்தைப் பார்க்கவேண்டும் என்றுகூட நினைத்துக்கொண்டாள். ஒன்பது இருபதுக்கு ஒரு கிழவர் பேசினார். திட்டவில்லை.

"ஷிகாமோ, பெரியவரே" என்று மூத்தவர்களுக்கான வணக்கத்தைச் சொன்னாள் செகேலா.

"மரஹபா மகளே. எம்பேரு கிகோட்டி. இரிங்கா பஸ்ஸு எங்க நிக்குதுன்னு சொல்லு தாயி. நான் காலைல ரெண்டு மணிக்கெல்லாம் வந்து நிக்கிறேன்."

"அது... போயிடுச்சு பெரியவரே. காலைல பன்னெண்டு மணிக்கே."

"இல்லியே. செய்தில மூணுன்னுதானே போட்டிருக்கு. நான் கண்ணாடி போட்டு ரெண்டு தடவ பாத்தேன். எம்பொண்ணும் படிச்சா."

"அடுத்த பஸ்ல எடம் பாத்துத் தர்றேன் பெரியவரே. மதியம் எட்டு மணிக்கு ஒண்ணு இருக்கு."

"எட்டு மணியா? போய்ச் சேரும்போது இருட்டிடுமே. எங்கண்ணன இன்னிக்குச் சாயங்காலம் பத்து மணிக்கு மண்ணுல வைக்கிறாங்கம்மா. மூணு நாளா எனக்காகத்தான் வச்சிருக்காங்க. இதுக்கு மேல வச்சிருக்க மாட்டாங்க." அவர் பின்னால் ஒரு பேருந்து ஒலி எழுப்பியது. "சரிம்மா. நீ என்ன பண்ணுவ" என்று வைத்துவிட்டார்.

செகேலா கிசாங்காவுக்குப் போன் அடித்தாள். "மூணை ஆறாக்கு! இப்பவே! பெட்டி லண்டன் டைம்ல ஓடுதுடா, சர்வர் நம்ம டைம்ல!" பத்து நிமிஷத்தில் திருத்திவிட்டான். எல்லோருக்கும் புதுச் செய்தி போனது. ஆறு மணிப் பேருந்தைத் தவறவிட்டவர்கள் அறுபத்து மூன்று பேர். அவர்களுக்கு எந்தச் செய்தியும் இனி உதவாது.

"எப்படிக்கா இவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டான் கிசாங்கா.

"கூண்டுல இருந்தவடா நான்" என்றாள்.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் ஷவேஜி கடுகடுவென்று இருந்தார். அவர் கேட்பதற்கு முன்பே அசிம்வே எழுந்தாள். "தப்பு என்னோடது பாஸ். பெட்டிக்கு நம்ம ஊர் நேரத்த நான் வைக்கல. மூணு ஏன்னு கேட்டேன், பதில் வர்ற வரைக்கும் நின்னிருக்கணும். கிசாங்கா அண்ணன் மேல தப்பில்ல." அழவில்லை, சாக்குச் சொல்லவில்லை. ஷவேஜி அவளைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுச் செகேலாவின் பக்கம் திரும்பினார்.

"பத்து நிமிஷம்! பத்தே நிமிஷத்துல கண்டுபிடிச்சா. எந்தப் பச்சை விளக்கு இதச் செய்யும்? புத்தி வந்துச்சு எனக்கு. இனிமே செகேலா வாயால சொல்லாம ஒரு பதிப்பும் இந்த வாசலத் தாண்டாது. எல்லாரும் கேட்டுக்குங்க." அப்புறம், ரொம்பப் பாதிக்கப்பட்ட பயணிகளுக்கு அவளே பேசி மன்னிப்புக் கேட்கட்டும், அவள் பேசினால்தான் மரியாதையாக இருக்கும் என்றார். கிசாங்கா கைதட்டினான். மற்றவர்களும் தட்டினார்கள்.

ஆக, கிடைத்துவிட்டது. எது போய்விடும் என்று அஞ்சினாளோ அது முன்னைவிடக் கெட்டியாகத் திரும்பி வந்துவிட்டது. செகேலா தன் மேசைக்கு வந்து உட்கார்ந்தாள். ஷவேஜி கொடுத்த பட்டியலில் முதல் பெயர் கிகோட்டி. தொலைபேசியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அக்கா" என்றாள் பக்கத்து மேசையிலிருந்து அசிம்வே. மெல்லிய குரல், வேறு யாருக்கும் கேட்காது. "அந்தச் செய்திப் பக்கம் இருக்குல்ல. அதுல யார் எப்போ தெறந்தாங்கன்னு பேர் விழும். நீங்க ஒன்பது தடவ தெறந்திருக்கீங்க."

செகேலா தொலைபேசியிலிருந்து கண்ணை எடுத்தாள். "நேத்துப் பாத்தியா?" என்று கேட்டாள்.

"வெள்ளிக்கிழமையே பாத்தேன். மதியானம். எனக்கு அந்த மூணு மனசுல நெருடிக்கிட்டே இருந்துச்சு. பாஸ்கிட்டச் சொல்லிப் பதிப்ப நிறுத்திடலாம்னுதான் எந்திரிச்சேன். அப்பத்தான் உங்க பேரப் பாத்தேன். ஒன்பது தடவ. செகேலா அக்கா ஒன்பது தடவ பாத்துட்டு ஒண்ணும் சொல்லலேன்னா அது தேறிடுச்சுன்னு அர்த்தம்னு நெனச்சேன். அழுத்துறதுக்கு முன்னாடிகூட உங்களத் திரும்பிப் பாத்தேன். அந்த நம்பிக்கைலதான் அழுத்தினேன்."

"பாஸ்கிட்ட ஏன் சொல்லல?"

"என்னன்னு சொல்றது? எனக்கே புரியல அக்கா" என்றாள் அசிம்வே. கோபமாகச் சொல்லியிருந்தால் செகேலா தாங்கியிருப்பாள். அவள் கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுத் தன் திரைக்குத் திரும்பி, பெட்டிகளுக்கு ஊர் நேரத்தை ஒவ்வொன்றாக எழுதத் தொடங்கினாள்.

யாருமே மதிக்கவில்லை என்று செகேலா வயிறெரிந்து கிடந்த அந்த வெள்ளிக்கிழமையும் அவள் சொல்லுக்குத்தான் இந்தப் பெண் காத்துக்கொண்டிருந்திருக்கிறாள். வாயைத் திறக்காததையே சொல்லாக எடுத்துக்கொண்டிருக்கிறாள். செகேலா பட்டியலின் முதல் எண்ணை அழுத்தினாள்.

"ஷிகாமோ, பெரியவரே. நான் டிக்கெட் ஆபீஸ்லேர்ந்து செகேலா பேசுறேன். சனிக்கிழமை பேசினீங்களே."

"மரஹபா மகளே. ஞாபகம் இருக்கு."

"அண்ணன்... பாத்தீங்களா?"

"எங்க? நான் போய்ச் சேரும்போது இருட்டிப் போச்சு. மண்ணு ஈரமா இருந்துச்சு, அதத் தொட்டுப் பாத்துட்டு வந்தேன்." இருமினார். "நீ போன் பண்ணிக் கேட்டியே, அது போதும் தாயி. மனச அலட்டிக்காத. மிஷினு பண்ணின தப்புக்கு நீ என்ன செய்வ?"

ஆமாம் என்று சொன்னால் முடிந்துவிடும். பட்டியலில் ஒரு பெயரை அடித்துவிடலாம். செகேலா கண்ணை மூடிக்கொண்டாள்.

"மிஷின் தப்புதான் பெரியவரே. ஆனா அத நான் ரெண்டு நாள் முன்னாடியே பாத்துட்டேன். பாத்துட்டு யார்கிட்டயும் சொல்லாம இருந்துட்டேன்."

பக்கத்து மேசையில் விசைப்பலகைச் சத்தம் நின்றுவிட்டது.

"ஏம்மா?" என்று கேட்டார் கிழவர். திட்டுவதற்காகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டார்.

"எங்க ஆபீஸ்ல புதுசா ஒரு பொண்ணு வந்தா, பெரியவரே" என்று ஆரம்பித்தாள் செகேலா. அவர் காத்துக்கொண்டிருந்தார். "காரணம் அவ்வளவுதான்" என்றாள்.